ஜீப்புக்கு வீட்டிலேயே டாப்பு தைக்கலாமா?

தம்பி கேட்டது இதுதான். போடியில் பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். ஏலத்தோட்டத்துக்கு மெட்டு, அதாவது மலைக் கணவாய், ஏறி இறங்குகிற வண்டி. மேல்துணி மூன்று இடத்தில் கிழிந்து, போன மழையில் சீட்டெல்லாம் ஊறிவிட்டது. வீட்டில் அம்மாவின் கறுப்புத் தையல் மிஷின் சும்மா கிடக்கிறது. "நானே தைத்துவிடலாமா அண்ணே? கேன்வாஸ் நல்லதா, ரெக்சின் நல்லதா? ஒழுகாமல் இருக்க என்ன பூசணும்?"

தைக்கலாம் தம்பி. நான் இதுவரை நான்கு தைத்திருக்கிறேன். முதலாவது ஒரே மழையில் பல்லை இளித்தது. இரண்டாவது இரண்டு வருடம் தாங்கியது. மற்ற இரண்டும் இன்னும் மலை ஏறிக்கொண்டிருக்கின்றன. அந்த முதல் இரண்டில் நான் பட்டதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். எதைப் பூசுவது என்ற கவலை எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டியது. டாப்பு ஒழுகினால் துணியின் நடுவில் கையை வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும். தையல் ஓட்டை, முன்கண்ணாடிச் சட்டத்தோடு துணி சேர்கிற இடுக்கு, கதவுக்கு மேல் விளிம்பு, தொய்ந்துபோய்த் தண்ணீர் தேங்குகிற குழி, இந்த நான்கு இடங்களில்தான் இறங்கும். ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டு ஓட்டுக் கூரையில் எத்தனை ஆயிரம் இடுக்கு இருக்கிறது! ஆனாலும் ஒழுகுவதில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருக்கிறது, கூரைக்குச் சரிவு இருக்கிறது, அவ்வளவுதான். சரிவு செத்த இடத்தில் மட்டும் சட்டி வைக்க வேண்டியிருக்கும். ஜீப் டாப்பும் துணியில் வேய்ந்த கூரைதான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒவ்வொரு தையலுக்கும் கேட்டுவிட்டுத் தைத்தால் பாதி வேலை முடிந்தது.

அதனால் துணிக்கடைக்குப் போவதற்கு முன் கம்பிக் கூட்டைப் பாருங்கள். பழைய துணியைக் கழற்றுங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள். வளைவுக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தோட்ட வண்டிகளில் மேலே மூட்டை ஏற்றி ஏற்றி நடுக் கம்பி அமுங்கியிருக்கும். அதை வெல்டிங் பட்டறையில் நிமிர்த்திவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். ஒரு சதுர மீட்டர் குழியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது பத்து லிட்டர், அதாவது பத்து கிலோ. பத்து கிலோ அழுத்தினால் துணி இன்னும் தொய்யும், தொய்ந்தால் இன்னும் தண்ணீர் நிற்கும். காலையில் பார்த்தால் தலைக்கு மேல் குளம்.

இதற்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. இரண்டு அங்குல அகல நாடா, கட்டிலுக்குப் பின்னுவதைப் போன்ற கெட்டி நாடா, முன்கண்ணாடிச் சட்டத்திலிருந்து கடைசி வளைவுக் கம்பி வரை மூன்று வரிசையாக இழுத்துக் கட்டுங்கள். துணி அதன் மேல் படுத்துக்கொள்ளும். கம்பிகளுக்கு நடுவே பள்ளம் விழாது. கடையில் தைத்துத் தரும் டாப்புகள் பலவற்றில் இது இருப்பதில்லை. நடு நாடாவுக்கு அடியில் பழைய ஃபோம் துண்டு ஒன்று கொடுத்து அரை அங்குலம் உயர்த்தினால் தண்ணீர் இரண்டு பக்கமும் தானாகப் பிரியும். கம்பி துணியில் உரசுகிற இடமெல்லாம் துணிக் குழாய் மாட்டிவிடுங்கள். வெயிலில் காய்ந்த இரும்பும் அதன் துருவும் துணியைத் தின்றுவிடும்.

இனி துணி. உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது.

பருத்திக் கேன்வாஸ்தான் ஆதி துணி. 1941-லிருந்து போருக்காக வில்லிஸ் எம்பி ஜீப்புகள் செய்தபோது அவற்றுக்குக் கதவே கிடையாது, மேலே இரண்டு கம்பியும் கேன்வாஸும்தான். அந்த வம்சத்தில் வந்தவைதான் மகிந்திராவின் பழைய ஜீப்புகள் எல்லாம். 2010-ல் வந்த 'தார்' ஜீப் வரை அந்தத் துணிக் கூரை கூடவே வந்தது. பருத்திக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் நூல் குறுக்கே பருக்கும். இழைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு தானாக அடைபடும், ஊசி போட்ட ஓட்டையும் ஓரளவு மூடிக்கொள்ளும். அதே சமயம் மூச்சும் விடும். உள்ளே ஆறு பேர் உட்கார்ந்து மெட்டில் பனிமூட்டத்துக்குள் போனாலும் மேலே வியர்த்துச் சொட்டாது. கெட்ட குணமும் உண்டு. நூல் குறுக்கே பருக்கும்போது துணி நீளவாக்கில் சுருங்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பிறகு விரலால் குத்தினால் ஓட்டை விழும்.

அடுத்தது லாரித் தார்ப்பாய் என்று நாம் சொல்கிற பிவிசி பூசிய பாலியஸ்டர். (தாரும் பாயும் சேர்ந்தது தார்ப்பாய் என்று நாம் காதால் கேட்டு வைத்த பேர். ஆங்கிலச் சொல்லின் முன்பாதியிலும் அதே தார்தான் ஒட்டியிருக்கிறது, ஒரு காலத்தில் துணியில் தார்தானே பூசினார்கள்.) நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் படுதா தைக்கும் கடைகளில் இதை மீட்டர் கணக்கில் வாங்கலாம். தண்ணீர் சொட்டுக்கூட உள்ளே வராது, சுருங்காது, மக்காது. ஆனால் மூச்சும் விடாது. மேட்டுக் குளிரில் உள்பக்கம் வியர்க்கும். அதைப் பார்த்துவிட்டு டாப்பு ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இன்னொன்று, இதில் ஊசி போட்ட ஓட்டை ஒருநாளும் தானாக மூடாது. தையலுக்கு மேல் எதையாவது ஒட்டியோ பூசியோதான் ஆக வேண்டும்.

ரெக்சின் என்று சீட் கவர் கடையில் காட்டுவதை டாப்புக்கு வாங்காதீர்கள். அது சீட்டுக்குச் செய்தது. நம் வெயிலில் மேல் பூச்சு வெடித்துப் பொரிந்துவிடும். என் இரண்டாவது டாப்பு அதுதான். பளபளவென்று கல்யாண வண்டி மாதிரி இருந்தது. இரண்டாவது கோடையில் சட்டை உரித்த பாம்பு மாதிரி ஆகிவிட்டது.

உங்களுக்கு என் யோசனை: கூரைக்கும் பக்கங்களுக்கும் பருத்திக் கேன்வாஸ். சதுர கஜத்துக்கு 12 முதல் 14 அவுன்ஸ், நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 400 முதல் 475 கிராம். கடைக்காரர் 18 அவுன்ஸ் எடுத்துப்போட்டு "இதுதான் மிலிட்டரி சரக்கு" என்பார். 600 கிராமுக்கு மேல் வரும் அந்தத் துணியை நான்கு மடிப்பாக்கினால் உங்கள் அம்மாவின் மிஷின் அழும். துணி 60 அங்குல அகலத்தில் கிடைத்தால் எனக்குப் பின் படுதாவும் சேர்த்து 9 மீட்டர் பிடித்தது. ஒரு மீட்டர் கூட வாங்குங்கள். எப்படியும் ஒரு துண்டைத் தப்பாக வெட்டுவீர்கள்.

வாங்கியதும் வெட்டாதீர்கள். இதுதான் என் முதல் டாப்பு பல்லை இளித்த கதை. கடையிலிருந்து வந்த துணியை அன்றைக்கே வெட்டித் தைத்து, முரசுத் தோல் மாதிரி விறைப்பாக மாட்டி, தெருவில் இரண்டு சுற்று சுற்றிவந்தேன். மூன்றாம் நாள் மழை. துணி நீளவாக்கில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கியது. பின்பக்கத்து பட்டன்கள் ஒவ்வொன்றாகத் துணியோடு பிய்த்துக்கொண்டு போயின, கடைசிப் பட்டன் தெறித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ஆகவே மொத்தத் துணியையும் தொட்டியில் ஓர் இரவு ஊறப் போட்டு, பிழியாமல் கொடியில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். இரண்டு தடவை செய்தால் இன்னும் நல்லது. கஞ்சியும் போய்விடும், ஊசியும் சுலபமாக இறங்கும். பிறகும் தைக்கும்போது முரசு மாதிரி விறைப்பு வேண்டாம். கையால் தட்டினால் லேசாக அதிர வேண்டும், அந்த அளவு போதும். மழை பெய்தால் மீதி விறைப்பை அதுவே எடுத்துக்கொள்ளும்.

அளவெடுப்பது டேப்பால் ஆகிற காரியம் இல்லை. வண்டி வளைவுகள் டேப்புக்குப் பொய் சொல்லும். மலிவான காடாத் துணி வாங்கிக் கம்பிக் கூட்டின் மேல் போர்த்தி, நடுக்கோட்டில் இருந்து தொடங்கி இரண்டு பக்கமும் இழுத்து, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்து, விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் கோடு போடுங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவையும் பின் கம்பியின் நடுவையும் குறித்துக்கொள்ளாமல் எடுத்தால் மாட்டும்போது டாப்பு கோணலாக நிற்கும். வலப்பக்கம் எடுத்ததை அப்படியே மடித்து இடப்பக்கத்துக்கு வெட்டலாம் என்று ஆசை வரும். பழைய ஜீப்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருந்து நான் பார்த்ததில்லை. காடாவிலேயே ஊசிநூலால் பெரிய தையல் போட்டு, மாட்டிப் பார்த்து, திருத்தி, அதன் பிறகுதான் கேன்வாஸில் கத்தரி வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போகும். போகட்டும்.

கூரைத் துணியை எங்கே ஒட்டுப்போடுவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். உச்சியில் தட்டையாக இருக்கிற இடத்தில் ஒட்டு வரவே கூடாது. 60 அங்குலத் துணியில் கூரை முழுவதும் ஒரே துண்டாக அடங்கி, ஒட்டு இரண்டும் பக்கச் சரிவில் விழும். குறுக்கே ஒட்டுப்போட வேண்டி வந்தால் முன் துண்டு பின் துண்டின் மேல் படிய வேண்டும். ஓடுகிற வண்டியில் மழை முன்னால் இருந்துதான் வரும்.

ஒட்டுத் தையல் எது என்று கேட்டால், உங்கள் ஜீன்ஸ் பேண்டின் கால் உள்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு துணியின் விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, மேலே இரண்டு வரிசைத் தையல் ஓடும். அதேதான் இங்கேயும். விளிம்புக்கு ஓர் அங்குலம் விட்டு வெட்டினால் அரை அங்குல மடிப்பு இரண்டு தடவை வரும். மடிப்பின் வாய் கீழ்நோக்கி, தண்ணீர் வழிந்து போகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்துவிட்டால் நீங்களே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே கூப்பிட்டதாக ஆகும். தைப்பதற்கு முன் மடிப்பை மரச் சுத்தியலால் தட்டி அமுக்கிவிடுங்கள், ஊசி பாதிச் சண்டையை அங்கேயே விட்டுவிடும். குண்டூசி குத்தாதீர்கள். குத்திய ஒவ்வொரு ஓட்டையும் மழைக்குத் தெரியும். கிளிப் போதும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்.

மிஷினைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மேலும் கீழும் சேர்ந்து துணியைத் தள்ளுகிற வாக்கிங் ஃபுட் மிஷின் இருந்தால் ராஜபோகம். இல்லாவிட்டாலும் அந்தக் கறுப்புக் கால் மிஷின் மெதுவாக மிதித்தால் நான்கு மடிப்பு ஏறும். கரண்டு மோட்டார் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், இந்த வேலைக்கு வேகம் எதிரி. கனமான சேர்ப்பு வரும்போது மிதியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஏறத் திணறினால், மடித்த கேன்வாஸ் துண்டு ஒன்றை அதன் பின்பாதியின் அடியில் கொடுங்கள், மட்டமாகிவிடும். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். ஊசி வளைந்து தகட்டில் இடித்து முறியும், முறிந்த நுனி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒன்பது மீட்டர் துணியைத் தாங்க ஒரு ஆள் வேண்டும். என் வீட்டில் அந்த வேலையை மாமியார் செய்தார். நான் போட்ட கோணல் தையலை எல்லாம் சொல்லிக்காட்டுகிற உரிமையும் அவருக்கே போயிற்று.

ஊசி 18-ஆம் நம்பர். அரை டஜன் வாங்கி வையுங்கள். தையல் அங்குலத்துக்கு ஆறு. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்காதீர்கள், தபால்தலை ஓரம் மாதிரி துணி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

நூலில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். சட்டை தைக்கிற நூல் வெயிலில் ஓராண்டு தாங்கினால் அதிகம். நைலான் நூல் பலமானதுதான், ஆனால் வெயில் அதைப் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் தின்னும். பருத்தி நூல் ஓட்டையை நன்றாக அடைக்கும், ஆனால் துணிக்கு முன்பே மக்கும். பாண்டட் பாலியஸ்டர் என்று கேளுங்கள், ஷூ, பை தைப்பவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். கனம் டெக்ஸ் 70. ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெக்ஸ். 90 இன்னும் நல்லது, ஆனால் வீட்டு மிஷினின் நூல் இழுவிசையில் (டென்ஷன்) முரண்டு பிடிக்கும். முடிச்சு துணியின் அடியில் தெரியாமலும் மேலே தெரியாமலும் நடுவில் விழும்வரை வீண் துண்டில் தைத்துப் பாருங்கள். மூலைகளில் ஏழெட்டு மடிப்பு சேரும் இடம் இரண்டு மூன்று வரும். அங்கே மிஷினைக் கொல்லாமல் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அவருடைய ஊசிக்கு அது ஐந்து நிமிட வேலை.

பக்கப் படுதாவுக்கும் பின் படுதாவுக்கும் ஜன்னல் வேண்டும். கண்ணாடி ஷீட் என்று கடையில் தருகிற தெளிவான பிவிசி, அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். முக்கால் மில்லிமீட்டர் இருந்தால் பார்வை நெளியாது. பலர் துணியில் முதலில் ஜன்னலை வெட்டிவிட்டு அதன் மேல் ஷீட்டைத் தைக்கப்போய், துணி இழுபட்டு ஜன்னல் ஓணான் முகம் மாதிரி கோணிக்கொள்ளும். முழுத் துணியின் மேல் ஷீட்டை வைத்து நான்கு பக்கமும் தைத்து முடியுங்கள். அதற்குப் பிறகு உள்பக்கத்தில் இருந்து துணியை மட்டும் கத்தரித்து, விளிம்பை மடித்து இரண்டாவது தையல் போடுங்கள். ஷீட் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராது. மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். மேல் விளிம்பில் ஷீட்டின் மேல் ஒரு துணிப் பட்டை படிய வேண்டும், கீழ் விளிம்பில் ஷீட் துணியின் மேல் படிய வேண்டும். மறுபடியும் அதே ஓட்டுக் கூரைக் கணக்கு.

விடிகாலைக் குளிரில் மெட்டில் வைத்து அந்த ஜன்னலைச் சுருட்டாதீர்கள். குளிரில் விறைத்திருக்கும் ஷீட் மடித்த கோட்டிலேயே வெடிக்கும். தூசியோடு துடைத்தாலும் சுருட்டினாலும் கீறல் விழுந்து, எதிரே வரும் லாரி விளக்கில் ஒன்றும் தெரியாது. முதலில் தண்ணீர் ஊற்றி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது.

முன்கண்ணாடிச் சட்டத்தோடு சேரும் இடம்தான் பரீட்சை. நின்ற வண்டியில் சொட்டாத டாப்பு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர் மடியில் சொட்டும். காற்று தண்ணீரைக் கண்ணாடி மேல் ஏற்றி, துணி விளிம்புக்கு அடியில் மேல்நோக்கித் தள்ளும். இங்கே ஓட்டுக் கணக்கு செல்லாது. விளிம்பை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்து, சட்டத்துக்கும் துணிக்கும் நடுவில் ரப்பர் பீடிங் கொடுத்து, மேலே அலுமினியப் பட்டி வைத்து ஸ்க்ரூவால் இறுக்குங்கள். பட்டிக்கு முன்னால் துணி இரண்டு அங்குலம் நாக்கு மாதிரி நீண்டு சட்டத்தின் முகத்தில் படிந்திருந்தால் காற்று அதையே அழுத்திக்கொள்ளும். கதவுக்கு மேலேயும் ஓர் இறவாரம் விடுங்கள், மூன்று அங்குலத் தொங்கல் போதும். கதவைத் திறக்கும்போது தொடையில் வழிகிற தண்ணீர் நின்றுபோகும்.

பட்டன், கண் (துணியில் அடிக்கிற உலோக வளையம்), கொக்கி எல்லாம் கடைசியில், துணியை வண்டி மேல் போட்ட பிறகு. மேசையில் வைத்து அளந்து அடித்தால் ஒன்றுகூட எதிர் பட்டனோடு சேராது. நடுவில் ஒன்று, பிறகு வலம் ஒன்று, இடம் ஒன்று என்று விளிம்புவரை போங்கள். பித்தளை அல்லது எவர்சில்வர் மட்டும்தான். இரும்புக் கண்ணைச் சுற்றித் துரு இறங்கி, துணி வட்டமாக உதிர்ந்துவிடும். ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் இன்னொரு கேன்வாஸ் துண்டோ தோல் துண்டோ கொடுங்கள்.

இப்போதுதான் பூசுவது. புதுக் கேன்வாஸ் முதல் ஒன்றிரண்டு மழையில் ஊசி ஓட்டை வழியாக லேசாகக் கசியும். பதறி உடனே எதையும் பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரை நீங்களே இரண்டு தடவை அடித்துக் காயவிடுங்கள், நூல் பருத்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் மூன்று வழி சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது சோப்பும் படிகாரமும். பார் சோப்பை வெந்நீரில் நீர்க்கக் கரைத்துத் துணி முழுவதும் ஊறவிட்டு, முக்கால்வாசி காய்ந்ததும் படிகாரம் கரைத்த நீரை மேலே விட வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியமும் சோப்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு மெழுகுச் சோப்பு இழைக்குள்ளேயே படியும். துணி மூச்சுவிடுவது கெடாது, தண்ணீர் முத்து முத்தாக உருளும். ஒரு மழைக்காலம் தாண்டினால் மறுபடி போட வேண்டும். மளிகைக்கடைச் சாமான்தானே, போட்டால் போகிறது.

இரண்டாவது மெழுகு. தேன்மெழுகும் பாரஃபினும் பாதிக்குப் பாதி உருக்கித் தையல் மேல் மட்டும் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் ஓட்டைக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். நேரடி அடுப்பில் மெழுகை வைக்காதீர்கள், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். கூரை முழுவதும் மெழுகு பூசுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தேன்மெழுகு 62 டிகிரியை ஒட்டி உருகும். சித்திரை வெயிலில் தேனியில் நிறுத்திய அடர்நிறத் துணி அந்தச் சூட்டைப் பார்த்துவிடும். மெழுகுத் துணி தீயையும் நன்றாகப் பிடிக்கும், வண்டிக்குள் பீடி பிடிக்கிறவர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது பெயின்ட் கடையில் விற்கிற லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், பழைய காலத்து முறை. வேண்டாம் என்பதற்குத்தான் சொல்கிறேன். காய்ந்தால் துணி முறுகி மடிப்பில் வெடிக்கும். அந்த எண்ணெய் நனைந்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், கதை இல்லை. தொட்டுவிட்டீர்களானால் கந்தலை விரித்துக் காயப்போடுங்கள்.

மழையில் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் கூரைத் துணியை விரலால் தொட்டு விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தியில் வெளியே படிந்திருக்கும் நீர்ப்படலம் தொட்ட இடத்தில் உடைந்து உள்ளே இறங்கத் தொடங்கும், பிறகு நிற்காது. மேலே மூட்டை கட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

ஒரு விஷயம் தையலைச் சேர்ந்ததில்லை, ஆனால் டாப்பைச் சேர்ந்தது. பக்கப் படுதா எல்லாவற்றையும் மூடிவிட்டுக் காற்றுக்காகப் பின் படுதாவை மட்டும் சுருட்டிக் கட்டுவார்கள். ஓடுகிற வண்டியின் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறைவு. புகைக்குழாய் கக்குவதையும் சாலைப் புழுதியையும் அந்த வாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்சீட்டில் இருக்கும் ஆட்களுக்குத் தலைவலி, குமட்டல் என்றால் வளைவுகளைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவையும் முதல் கியரில் ஏறும்போது புகை சும்மா இருக்காது. பின்னால் திறந்தால் முன்னால் இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். அதனால் பக்கப் படுதாவின் முன் மூலையை மட்டும் தனியாகச் சுருட்டிக் கட்டுகிற மாதிரி ஒரு நாடா வைத்துத் தையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் ஒருவரை வெளியே குழாயோடு நிறுத்தி, நீங்கள் உள்ளே சாக்பீஸோடு உட்காருங்கள். முதலில் மேலிருந்து, பிறகு முன்னாலிருந்து வேகமாகக் கண்ணாடி மேல், கடைசியில் பக்கவாட்டில். ஈரம் தெரிகிற இடத்தில் வட்டம் போடுங்கள். ஈரம் கண்ட இடமே ஓட்டை என்று நம்பாதீர்கள், தண்ணீர் மடிப்புக்குள்ளேயே ஒரு முழம் நடந்து வந்து சொட்டும். சொட்டிலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடிப் போங்கள்.

காடாத் துணி அச்சைக் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிடாதீர்கள், எந்தப் பக்கம் எது என்று எழுதிச் சுருட்டி வையுங்கள். என்னுடையது பரணில் இருக்கிறது, 540-க்கு எடுத்ததுதான். வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போங்கள் தம்பி. ஆனால் அதை வைத்து நேராகக் கேன்வாஸை வெட்டிவிடாதீர்கள். உங்கள் வண்டிக் கம்பி வளைந்திருக்கிற விதம் வேறாக இருக்கும்.